சிப்பின் படத்தில் நான் வைத்த மை

பன்னிரண்டு வருடம் மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்துப் பிழைத்தவள் நான். சிங்கப்பூரில் காலாங் பக்கம் ஒரு தொழிற்சாலை. தட்டுத் தட்டாக சிப் வரும். கம்பி சரியாக ஒட்டியிருக்கிறதா, கீறல் உண்டா, அலுமினியக் கோடு எங்காவது அறுந்திருக்கிறதா என்று பார்த்து நல்லதை வலது பக்கமும் கெட்டதை இடது பக்கமும் தள்ள வேண்டும். ஒரு சிப்புக்கு மூன்று நான்கு விநாடிதான். கெட்டதை விட்டுவிட்டால் சூப்பர்வைசர் திட்டுவார், நல்லதை ஒதுக்கினாலும் திட்டுவார். இரண்டுக்கும் நான் அதிகம் திட்டு வாங்கியதில்லை. என் கண் தப்பாது என்ற திமிர் எனக்கு இருந்தது. இப்போது சொல்லப்போகும் விஷயம் முழுக்க அந்தத் திமிரால் வந்தது.

எண்பதுகளின் நடுவில் வேலைகள் போன வருடத்தில் என் வேலையும் போனது. எட்டு மாதம் தோ பாயோவில் அண்ணன் வீட்டில் சும்மா இருந்தேன். அண்ணி கெட்டவள் இல்லை. காலையில் என்னைப் பார்த்து, "இன்னிக்கும் வீட்லதானா?" என்று கேட்பாள், அவ்வளவுதான். அந்த ஒரு கேள்விக்குப் பயந்து நான் ஐந்தரை மணிக்கே எழுந்து குளித்துவிட்டு மாதா கோயில் பூசைக்குப் போன நாட்கள் உண்டு. பக்தி என்று ஊர் நினைத்துக்கொண்டது.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் நிற்கும்போதுதான், மைக்ரோஸ்கோப் பார்க்கத் தெரிந்த ஆளை ஒருவர் தேடுவதாகச் சொன்னார்கள். சிராங்கூன் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், கீழே நகை செய்யும் பத்தர் பட்டறை, மேலே ஒரே அறை. தேடியவர் பாலிடெக்னிக் படித்த எஞ்சினியர், தமிழர்தான், என்னைவிட எட்டு வயது இளையவர். தொலைக்காட்சியில் மாட்டி விளையாடும் வீடியோ கேம் மெஷின்களைப் பழுது பார்ப்பது அவர் தொழில். முதலாளியும் அவரே என்றாலும் நான் தம்பி என்றுதான் கூப்பிட்டேன். அவர் என்னை அக்கா என்றார்.

அலமாரி முழுக்க ஒரே மாதிரி மெஷின்கள் தூங்கிக்கொண்டிருந்தன. எல்லாவற்றுக்கும் ஒரே நோய். திரையில் படம் வரவைக்கும் சிப் போய்விட்டது. செய்த கம்பெனி அந்த மெஷினையே நிறுத்திவிட்டதால் மாற்று சிப் எங்கும் கிடையாது. அந்த சிப் எப்படிப் படம் போடுகிறது என்று விவரம் சொல்லும் காகிதமும் வெளியில் இல்லை.

"சிப்பைத் தொறந்து போட்டோ எடுப்போம், அக்கா. கோடு கோடா படிப்போம். உள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சிட்டா, கடையில கிடைக்கிற சாதாரண ஐசி வெச்சே நாம ஒரு போர்டு செஞ்சிரலாம்," என்றார்.

பைத்தியக்காரத்தனம் என்று நினைத்தேன். ஆனால் வீட்டுக்குப் போனால் அண்ணி. சரி என்றேன்.

சிப்பைத் திறப்பது பின்பக்க ஜன்னலோரம் நடக்கும். சூடாக்கிய நைட்ரிக் ஆசிட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டால் மேலே உள்ள கறுப்புப் பிளாஸ்டிக் கரைந்து, சுண்டுவிரல் நகத்தில் பாதி அளவுள்ள சிலிக்கான் தெரியும். வேறு எங்கே செய்திருந்தாலும் அக்கம்பக்கத்தார் போலீசைக் கூப்பிட்டிருப்பார்கள். கீழே பத்தர் பட்டறையிலும் அதே ஆசிட், அதே நாற்றம். யாரும் மூக்கைச் சுளிக்கவில்லை. தம்பி அந்த அறையை வாடகைக்கு எடுத்ததே அதனால்தான். திறக்கும்போது பாதி சிப் வீணாகும். செத்த மெஷின்களை சுங்கை ரோடு பழைய சாமான் சந்தையில் தேடித்தேடி வாங்கி வருவார். ஒவ்வொரு சிப் உடையும்போதும் அவர் முகம் சுருங்கும்.

படம் எடுக்க இன்னொருவர் இருந்தார். ஐம்பதைத் தாண்டியவர். சிராங்கூன் ரோட்டில் ஸ்டூடியோ வைத்திருந்து மூடியவர். தம்பிக்கு அங்கிள், எனக்கு அண்ணன். மைக்ரோஸ்கோப்பின் மேல் கேமராவைப் பொருத்தி, சிப்பை இம்மி இம்மியாக நகர்த்தி வரிசை வரிசையாகப் படம் எடுத்து, கழுவி, பெரிதாக்கி, பலகையில் ஓரத்தோடு ஓரம் சேர்த்து ஒட்டுவார். ஒரு சுவர் முழுக்க ஒரே சிப். பிறகு மேலே உள்ள அலுமினியத்தைக் கரைத்துவிட்டு, அடியில் இருப்பதற்கு இன்னொரு சுவர்.

ஸ்டூடியோக்காரருக்குக் கை சும்மா இருக்குமா? கல்யாணப் பெண்ணின் கன்னத்தில் அம்மைத் தழும்பு இருந்தால் மாப்பிள்ளை வீட்டுக்குப் போகும் படத்தில் அது இருக்காது, அது அவர் பெருமை. முதல் வாரம் சிப் படத்திலும் வெள்ளைப் புள்ளிகளையெல்லாம் மெல்லிய பிரஷ்ஷால் மை வைத்து மறைத்துவிட்டார். தூசி என்று நினைத்திருக்கிறார். அதில் பாதி தூசி இல்லை, கோட்டையும் கோட்டையும் இணைக்கும் துளைகள். தம்பி தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"அங்கிள், இது பொண்ணு போட்டோ இல்ல. அசிங்கமா இருந்தா அசிங்கமாவே இருக்கட்டும் லா. ஒரு சொட்டு மை படக்கூடாது."

அண்ணன் அந்த வரிசை முழுவதையும் மறுபடி பிரிண்ட் போட்டார். பிரஷ்ஷும் மையும் இருந்த பெட்டியை மேசை இழுப்பறையில் போட்டு மூடினார். அதற்குப் பிறகு அவர் அதைத் தொடவில்லை. பக்கத்து மேசை என்னுடையது, எனக்குத் தெரியும்.

என் வேலை சுவரிலிருந்து. படத்தின் மேல் ட்ரேசிங் காகிதத்தைப் பொருத்தி, மேலே ஓடும் அலுமினியக் கோட்டுக்கு நீலம், அதற்குக் கீழே உள்ளதற்குச் சிவப்பு, அடியில் உள்ளதற்குப் பச்சை என்று கலர் பென்சிலால் வரைவேன். சிவப்பு பச்சையைக் கடக்கும் இடமெல்லாம் ஒரு சுவிட்ச். அந்தச் சுவிட்சுகளைக் கூட்டிப் பார்த்து இது என்ன வேலை செய்கிறது என்று கண்டுபிடிப்பது தம்பியின் பாடு. சந்தேகம் வந்தால் முடிவு செய்யாதே, பென்சிலால் ஒரு வட்டம் போடு, அவர் பார்த்துக்கொள்வார். இதுதான் சட்டம்.

முதல் இரண்டு மாதம் எனக்கு அது வெறும் கோடு. தொழிற்சாலையில் நான் பார்த்ததெல்லாம் பழுதைத்தான், எந்தக் கோடு எதற்கு என்று ஒருநாளும் யோசித்ததில்லை. ஒருநாள் கீழ் வரிசையை வரைந்துகொண்டிருந்தபோது, இதே படத்தைப் போன வாரமும் வரைந்தோமே என்று தோன்றியது. பழைய காகிதத்தை எடுத்து மேலே வைத்தேன். அச்சு அசல், வளைவு கூட மாறவில்லை.

"தம்பி, இது ரெண்டு தடவ இருக்கு."

ஓடி வந்து பார்த்தார். விளையாட்டில் ஆட்டக்காரர்கள் இருவர். இருவருக்கும் தனித்தனியாக ஒரே மாதிரி எண்ணும் சுற்று. தொலைக்காட்சித் திரையில் ஒளி இடமிருந்து வலமாக வரி வரியாக ஓடுகிறது அல்லவா, அது ஓட ஓட இந்தச் சுற்று எண்ணிக்கொண்டே வந்து, தன் முறை வந்ததும் அந்த இடத்தில் ஆளின் உருவத்தைப் புள்ளி புள்ளியாகக் கொட்டுகிறது. எங்கிருந்து எண்ண வேண்டும் என்று சொல்ல ஒரு கோடு உண்டு. ஆளை நகர்த்துவதென்றால் அந்தக் கோட்டில் ஒரு தட்டு. படத்தை எங்கும் சேமித்து வைக்கவே இல்லை, ஓடுகிற ஓட்டத்திலேயே போட்டுக்கொண்டு போகிறது. தம்பி இதைச் சொன்னபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. பன்னிரண்டு வருடம் நான் பார்த்த சிப்புகளும் இப்படி எதையோ செய்துகொண்டிருந்திருக்கின்றன, நான் கீறல் தேடியிருக்கிறேன். அன்றிலிருந்து அந்த வேலை மேல் எனக்கு ஆசை வந்துவிட்டது. இதை யாரும் என்னிடமிருந்து பிடுங்கக்கூடாது என்ற பயமும் கூடவே வந்தது.

இனி என் தப்பு. ஒரு இடத்தில் அலுமினியக் கோடு அறுந்த மாதிரி இருந்தது. இது ஊசி பட்ட கீறல் என்று எனக்குத் தெரியும், ஆனாலும் சட்டப்படி வட்டம் போட்டேன். தம்பி நம்பவில்லை. இன்னொரு சிப்பைத் திறந்து பார்த்தால்தான் ஆச்சு என்றார். ஒன்று உடைந்தது. இரண்டாவதைத் திறந்து பார்த்தால் கோடு முழுசாக இருந்தது, கீறல்தான். நான் சொன்னதுதான் சரி. அவர் என்னை ஒரு வார்த்தை பாராட்டவில்லை. "ரெண்டு சிப் போச்சு," என்றார், ஏதோ நான் உடைத்த மாதிரி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேற்றுப் பாலிடெக்னிக் முடித்த பையன் என் கண்ணைச் சோதிக்கிறானே என்று இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை.

மூன்றாம் நாள், இரட்டைச் சுற்றுகளுக்கு நடுவே ஓடும் ஒரு நீலக் கோட்டில் அதே மாதிரி ஒரு இடைவெளி. மேலே ஆசிட் கறை வேறு குறுக்கே படிந்திருந்தது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி சுற்று, நடுவில் ஒரு கோடு. ஒன்றையொன்று இணைக்கத்தானே இருக்கும்? கீறல்தான் என்று மூன்று விநாடியில் தீர்ப்புச் சொல்லிவிட்டேன். ட்ரேசிங்கில் மட்டும் சேர்த்து வரைந்தால், மறுநாள் தம்பி படத்தோடு ஒப்பிடும்போது கேட்பார். மறுபடி வட்டம், மறுபடி சிப், மறுபடி அந்த முகம்.

மத்தியானம் இருவரும் சாப்பிடக் கீழே போயிருந்தார்கள். பக்கத்து மேசை இழுப்பறையைத் திறந்தேன். அண்ணனின் பிரஷ்ஷை எடுத்து, மையைத் தண்ணீரில் கரைத்து, படத்தில் அந்த இடைவெளியை மூடினேன். அரிசி அளவுகூட இல்லை. துடைத்து வைத்துவிட்டு வந்து, நீலப் பென்சிலை எடுத்துக் கோட்டை நேராக இழுத்தேன். மனசு உறுத்தவே இல்லை. ஒரு வேலையைச் சுருக்கமாக முடித்த திருப்திதான் இருந்தது.

போர்டு தயாராக இன்னும் நாலு மாதம் ஆனது. மேசை அளவு பெரிய போர்டு, நூடுல்ஸ் மாதிரி கம்பி. ஒரு புதன்கிழமை காலை தொலைக்காட்சியில் மாட்டினோம். பின்னணி வந்தது. கலர் வந்தது. நான் கைதட்டிவிட்டேன். ஆட்டக்காரர்கள் வந்தார்கள், ஆனால் இருவரும் ஒரே இடத்தில், ஒருவர் மேல் ஒருவர். ஒருவரை நகர்த்தினால் இன்னொருவரும் அங்கேயே போய் நின்றார்.

தம்பி அரைமணி நேரத்தில் கண்டுபிடித்துவிட்டார். இரண்டு பேருக்கும் "இங்கிருந்து எண்ணு" என்று சொல்லும் கோடு ஒன்றாக இருக்கிறது, இரண்டாக இருக்க வேண்டும். என் ட்ரேசிங்கைப் பார்த்தார்: ஒரே கோடு. சுவர்ப் படத்தைப் பார்த்தார்: ஒரே கோடு. டார்ச்சை எடுத்துச் சாய்வாக அடித்துப் பார்த்தார். பளபளக்கிற படத்தில் ஒரு புள்ளி மட்டும் மங்கலாகத் தெரிந்தது. ஈரப் பஞ்சால் துடைத்தார். மை பஞ்சோடு வந்தது. இரண்டு பக்கமிருந்தும் வந்த இரண்டு கோடுகள் மூக்குக்கு மூக்கு நேராக நின்றன. கீறலே இல்லை. போர்டில் ஒரு கம்பியை வெட்டினார். ஆட்டக்காரர்கள் இருவரும் ஆளுக்கொரு பக்கம் போய் நின்றார்கள்.

யாரும் சிரிக்கவில்லை. துடைப்பதற்கு முன்பே தம்பி அண்ணனைக் கூப்பிட்டு அந்த மங்கலான புள்ளியைக் காட்டியிருந்தார். அண்ணன் டார்ச்சை வாங்கி, தலையைச் சாய்த்து, ரொம்ப நேரம் அதைப் பார்த்துவிட்டு, "இது என் கை இல்ல, தம்பி," என்று மட்டும் சொன்னார்.

"அப்ப யாரு கை, அங்கிள்? பிரஷ் உங்களுது. மை உங்களுது. நான் அவ்ளோ சொல்லியும்..."

"நான் தொடல."

"இன்னும் எத்தன எடத்துல தொட்டிருக்கீங்க? இனிமே எந்தப் படத்த நான் நம்புறது?"

வாயைத் திறக்க எனக்கு அதுதான் நேரம். திறக்கவில்லை. சனிக்கிழமையோடு நின்றுகொள்ளுங்கள் என்று தம்பி அவரிடம் சொன்னார். என்னிடம், சுவர் முழுவதையும் மறுபடி சரிபார்க்க வேண்டும் என்றார். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். பாவத்தின் இடத்தில் உட்கார்ந்து பார்த்தது அப்போதுதான். அங்கே காற்று கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான், உட்கார முடிகிறது.

வியாழன் உட்கார்ந்தேன். வெள்ளி உட்கார்ந்தேன். அண்ணன் எப்போதும் போல வந்தார், தன் நெகட்டிவ்களை வரிசைப்படுத்தி உறையில் போட்டு எண் எழுதினார். எப்போதும் போல எனக்கும் சேர்த்துத் தேத்தண்ணி வாங்கி வந்தார். அவருக்கு வீட்டில் படுக்கையில் இருக்கும் மனைவி. இந்த வயதில் கேமராக்காரருக்கு யார் வேலை தருவார்கள்? எனக்கும் யார் தருவார்கள், அண்ணியின் கேள்விக்கு எட்டு மாதம் பதில் சொன்னது நான்தானே என்று என்னையே சமாதானம் செய்துகொண்டேன். சனிக்கிழமை ஒரு மணிக்கு அவர் போனார்.

அன்று மாலை பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். எங்கள் கோயிலில் சனிக்கிழமை ஐந்து மணிக்கு உண்டு. எனக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். கூண்டுக்குள் வலைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் புதிதாக வந்த இளம் சாமியார், இந்தியாவிலிருந்து வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. நான் அலுமினியக் கோடு, ஆசிட் கறை, ட்ரேசிங் என்று ஆரம்பித்தேன்.

"கொஞ்சம் இருங்கம்மா. ஒரு படத்துல கோடு தப்பா போட்டுட்டீங்க. அது பாவம் இல்லியே?"

"வேற ஒருத்தர் போட்டதா நினைச்சு அவர வேலைய விட்டு அனுப்பிட்டாங்க, சாமி."

"நீங்க அங்க இருந்தீங்களா?"

"பக்கத்துலதான் இருந்தேன்."

பின்னால் யாரோ இருமினார்கள். மூன்று அருள் நிறைந்த மரியே சொல்லச் சொல்லி அனுப்பிவிடுவார் என்று எதிர்பார்த்துத்தான் வந்திருந்தேன், அதை ஒத்துக்கொள்கிறேன்.

"செபம் அப்புறம் சொல்லிக்கலாம்மா," என்றார். "ஆபீஸ் எத்தன மணி வரைக்கும் திறந்திருக்கும்?"

கோயிலிலிருந்து நேராக அந்த மாடி அறைக்கு நடந்தேன். தம்பி தனியாக சுவரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார், போகச் சொல்லுவார் என்று கைப்பையைத் தோளிலிருந்து இறக்கவே இல்லை. அவர் கேட்டது ஒன்றுதான்.

"வேற எங்கயாச்சும் தொட்டீங்களா, அக்கா?"

"இல்ல. அது ஒண்ணுதான். சத்தியமா."

பென்சிலைக் கீழே போட்டார். முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. "அப்ப மிச்சத்த மறுபடி பார்க்க வேணாம்! ஒரு மாசம் மிச்சம் லா!" பிறகு ஞாபகம் வந்தவராக, "அங்கிளத் திங்கக்கிழமை வரச் சொல்லிருங்க, ஓகே?" என்று திரும்பித் தொலைக்காட்சியைப் போட்டார். அவர் என்னை நாலு அறை அறைந்திருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

மறுநாள் பூசை முடிந்து தேக்கா மார்க்கெட்டுக்குப் பக்கத்திலுள்ள அடுக்குமாடிக்குப் போனேன். அண்ணன் கதவைத் திறந்தார். உள்ளே கட்டிலில் அவர் மனைவி. நாற்காலி போட்டார், நான் உட்காரவில்லை.

"அண்ணே, அந்த மை நான் வெச்சது. தம்பிகிட்ட சொல்லிட்டேன். நாளைக்கு வரச் சொன்னாரு."

"தெரியும்," என்றார்.

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. நான் டச் பண்ணா மையில கோந்து கலந்துதான் பண்ணுவேன், படத்தோட பளபளப்போட சேந்துரும். அது மங்கலா இருந்துச்சு, வெறும் தண்ணி மை. தம்பிக்கு பிரஷ் புடிக்கத் தெரியாது. மிச்சம் யாரு?"

"அப்பவே சொல்லியிருக்கலாமே, அண்ணே."

"சொல்லலாம். நான் சொன்னா காட்டிக்குடுத்த மாதிரி. நீங்களே சொல்வீங்கன்னு பார்த்தேன்." அவர் குரலில் கோபம் இல்லை, அதுதான் தாங்கவில்லை. "தம்பிகிட்ட சொல்லுங்க, நான் வரல. நான் தொடலன்னு சொன்னப்ப நம்பியிருந்தா வந்திருப்பேன்."

நான் அழ ஆரம்பித்துவிட்டேன். அவர் உள்ளே திரும்பி மனைவியின் போர்வையைச் சரிசெய்துவிட்டு வந்தார்.

"மூணு நாள் பார்த்தேன், தங்கச்சி. நேத்து ஒரு மணிக்குப் பொட்டிய எடுத்துக்கிட்டு எழுந்திரிச்சப்பவும் உங்களத்தான் பார்த்தேன். நீங்க குனிஞ்சு பச்சைக் கலர் அடிச்சிக்கிட்டு இருந்தீங்க."

ஆமாம். அடித்துக்கொண்டுதான் இருந்தேன்.